படிப்பகச் சுவரிலிருந்து இறக்கப்பட்ட 24 அச்சுப்படங்கள் குறித்துச் சீரமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

நம் ஊர்ப் படிப்பகத்தின் வாசிப்புக் கூடத்தில் ஏழு ஆண்டுகளாக மாட்டியிருந்த தொல்கடல் உயிரினங்களின் 24 அச்சுப்படங்களை, வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லிச் சென்ற மாதம் இறக்கினீர்கள். வெள்ளையடித்து முடிந்தது, தரையில் புது ஓடு பதித்தாயிற்று, மின்விசிறிகளும் மாறின. படங்கள் மட்டும் சுவருக்குத் திரும்பவில்லை. அவை இருந்த இடத்தில் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பதாகை, ‘ஆழ்கடல் டைனோசர்கள்’ என்ற தலைப்போடு கட்டப்பட்டிருக்கிறது. குழு கூடித் தீர்மானம் போட்டே இப்படிச் செய்ததாக உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். காரணங்களையும் சொன்னார். பழைய படங்கள் கறுப்பு வெள்ளையில் துக்க வீடுபோல இருந்தனவாம். சிறு பிள்ளைகள் பார்த்துப் பயந்தார்களாம். அந்த உயிரினங்களுக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். இவற்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க இயலவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லாததாலும், அந்தப் படங்களைச் செதுக்கிய பிள்ளைகள் இன்று வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் அவர்களும் அறிய வேண்டும் என்பதாலும் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

தொலைபேசிக்கு மறுநாள் நேரில் வந்து பார்த்தேன். ஜெனரேட்டர் அறையில், டீசல் கேனை ஒட்டி, இரண்டு சாக்குகளுக்குள் சட்டங்களோடு திணித்து வைத்திருந்தார்கள். எண்ணினேன், 19 இருந்தன. ஏழு படங்களின் கண்ணாடி உடைந்து, அதில் இரண்டில் சில்லு தாளைக் கீறியிருந்தது. நான்கில் ஈரம் ஏறித் தாள் நெளிந்துவிட்டது. ஒன்றின் பின்னட்டையைக் கரையான் முக்கால்வாசி தின்றிருந்தது. மீதி ஐந்தும் எங்கே போயின என்று அங்கிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. அதைவிடப் பெரிய இழப்பை நான் கேட்காமலே காவலர் சொன்னார்: அலமாரியின் கீழ்த்தட்டில் செய்தித்தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி வைத்திருந்த அச்சுத் தகடுகள், உடைந்த நாற்காலிகளோடும் பழைய குழாய்களோடும் ஆக்கர் கடைக்குப் போய்விட்டன. தகடு கையில் இருக்கும்வரை, படம் கெட்டாலும் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். தகடும் போனபின் தாளில் இருப்பது மட்டுமே மிச்சம். சாக்கிலிருந்த அந்த 19 தாள்களைப் பற்றி இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இதுதான்.

உங்களில் பாதிப்பேர் அவற்றைக் கடையில் வாங்கிச் சட்டமிட்ட படங்கள் என்றே நினைத்திருக்கலாம். அவை எப்படி வந்தன என்பதை எழுதி மாட்டாதது என் பிழை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து 2013-இல் ஓய்வு பெற்றவன். அடுத்த ஆண்டிலிருந்து சனிக்கிழமை பிற்பகல்தோறும் படிப்பகத்தின் பின்கட்டில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தேன். வண்ணப்பெட்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்பதால் மீனிலிருந்தே தொடங்கினோம். கரையில் ஏலம் முடிந்து மிஞ்சிய அயிலையைத் துடைத்து, ஒரு பக்கத்தில் மை தடவி, மெல்லிய தாளைப் போர்த்தி விரலால் நீவி எடுத்தால், செதிலும் துடுப்பு முள்ளும் செவுள் வளைவும் அப்படியே தாளுக்கு வந்துவிடும். இரண்டு மாதம் சாளை, அயிலை, வாளை, திருக்கை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்தோம். பின்கட்டில் பூனைகள் நிரந்தரமாகக் குடியேறின. அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், செத்துப் பல கோடி வருஷம் ஆன மீனையும் இப்படி அச்செடுக்க முடியுமா என்று கேட்டான். சேறு ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் அச்சுக்குத்தான் புதைபடிவம் என்று பெயர் என்றேன். அவன் விடவில்லை, அப்படியானால் அந்த அச்சைப் பார்த்து நாம் மீனைத் திரும்ப வரைய வேண்டும் என்றான். அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்தவைதான் 24 படங்களும். அவற்றை முடிக்க 2014 முதல் 2018 வரை ஆயிற்று.

செதுக்கி அச்செடுக்க உதவும் லினோ தகடு நாகர்கோவிலில் கிடைக்கவில்லை; சென்னையிலிருந்து வரவழைக்கப் பணமில்லை. தரையில் விரிக்கும் வினைல் விரிப்பின் வெட்டுத் துண்டுகளை ஒரு கடைக்காரர் இலவசமாகவே தந்தார். ஒடிந்த குடைகளின் கம்பியைக் கல்லில் தீட்டினால் நல்ல செதுக்கு உளி ஆகும். அதன் வெட்டுமுகம் பிறை வடிவில் பள்ளமாக இருப்பதால் கோடு வழுவழுவென்று விழும். மழை மாவட்டத்தில் ஒடிந்த குடைக்குப் பஞ்சமா! கறுப்பு மையைச் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த என் பழைய மாணவர் ஒருவர், டப்பாவின் அடியில் மிஞ்சியதை வழித்து அனுப்பிவைத்தார். அச்சு எந்திரம் எங்களிடம் ஏது? மை பூசிய தகட்டின்மேல் தாளை வைத்து, மெருகேற்றிய சிரட்டையின் முதுகால் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். தேய்க்கிற கை வலிக்கத் தொடங்கும் இடத்தில் கறுப்பு வெளிறும் என்பதால், ஒரு தாளுக்கு இரண்டு பேர் முறைவைத்துத் தேய்ப்பார்கள்.

தகட்டில் செதுக்குவது தாளில் இடவலம் மாறி விழும். இதை நான் எத்தனை முறை சொல்லியும் புரியாதிருந்தது, ஒருவன் சங்கு ஒன்றைப் பார்த்தபடியே செதுக்கி அச்செடுத்தபோது எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தாளில் வந்தது வலம்புரி! அன்று பின்கட்டில் எழுந்த சிரிப்பு படிப்பகத்தின் முன்வாசல்வரை கேட்டது. அம்மோனைட் என்ற தொல்கடல் உயிரினத்தை முதலில் செதுக்கக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது தட்டையாக, பாய் சுருட்டினாற்போலச் சுருண்ட ஓடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் உருவம் கெடாது.

கறுப்பு வெள்ளை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தொல்கடலை மனிதர்கள் முதன்முதலில் கண்ணால் கண்டதே இப்படிப்பட்ட அச்சுப்படத்தில்தான். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் மேரி ஆனிங் என்ற தச்சர் மகள், அலை அரித்த மலைச்சரிவில் புதைபடிவங்களைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்தார். 1811-இல் அவருடைய அண்ணன், மீன்போன்ற உடல் கொண்ட கடல் ஊர்வனவான இக்தியோசார் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டார்; மறு ஆண்டு மேரி அதன் உடலைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். 1823-இல், நீண்ட கழுத்துடைய கடல் ஊர்வனவான பிளீசியோசார் ஒன்றையும் முழுமையாக எடுத்தார். பெரிய மனிதர்கள் அவற்றை வாங்கி, ஆராய்ந்து, புகழ் பெற்றார்கள். மேரி வறுமையிலேயே இருந்தார். 1830-இல் ஹென்றி டி லா பெஷ் என்ற புவியியலாளர், மேரி எடுத்துக் கொடுத்த எலும்புகளை ஆதாரமாகக் கொண்டு அந்தப் பழைய கடலை நீர்வண்ணத்தில் வரைந்தார். இக்தியோசார் ஒன்று பிளீசியோசாரின் கழுத்தைக் கவ்வுகிறது. நீருக்கு மேலும் கீழும் என்ன நடக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. அதை ஜார்ஜ் ஷார்ஃப் கல்லச்சாக்கினார். அந்தப் பிரதிகளை விற்ற பணம் மேரிக்குப் போனது. புதைபடிவச் சான்றைக் கொண்டு தொல்லுலகின் காட்சி ஒன்றை வரைந்ததும், அது அச்சாகிப் பலர் கைக்குப் போனதும் அங்கிருந்துதான் தொடங்கின. ஒரு கடற்கரைப் பெண்ணின் வயிற்றுப்பாட்டுக்காக அச்சான படத்தின் வழியில் வந்தவற்றைத்தான் நீங்கள் துக்க வீட்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் அம்மோனைட்டுகளை ஸ்டோலிச்கா என்ற அறிஞர் விவரித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1860-களில் வெளியிட்ட தொகுதிகளில் உள்ள படங்கள் கல்லச்சுப் படங்களே. ஓட்டின் மேலுள்ள ஒவ்வொரு வரிப்பும் கோடு கோடாக அவற்றில் வந்திருக்கும். அவற்றின் நகல்களைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பார்த்து வரைந்தார்கள். வண்ணம் இல்லாததற்கு இன்னொரு நேர்மையான காரணமும் இருந்தது. பெரும்பாலான தொல்கடல் உயிரினங்களுக்கு என்ன நிறம் என்பதைப் புதைபடிவம் சொல்வதில்லை. எலும்பு சொன்னதை மட்டும் செதுக்குவோம், சொல்லாததைப் பூச வேண்டாம் என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள்.

அடுத்தது பயம். இந்தச் சொல்லை நம் ஊரில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது அந்த வகுப்பு இரண்டு மாதம் நின்றுபோயிற்று. திரும்பக் கூடியபோது வராமல் போன பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அதைக் கண்ட பிள்ளைகள், ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த டன்க்ளியோஸ்டியஸ் என்ற தகட்டுத்தலை மீனின் படத்தைப் பார்த்தா பயப்படுவார்கள்? ஒரு சின்னக் குழந்தை அழுதிருக்கலாம். அது சலூன் கடைக் கத்தரியைப் பார்த்தும் அழும். எட்டு வயதுப் பிள்ளைகள் அந்த மீனின் முன்னால் நின்று, அதற்குப் பல்லே இல்லை, தாடை எலும்பே கத்திபோலத் தீட்டியிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் என்னை மிகவும் வருத்தியது. நம் ஊருக்குச் சம்பந்தமில்லை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். நம் மாவட்டத்தின் பாறை பெரும்பாலும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்குள் வெந்து உருமாறிய பாறை. அதற்குள் அம்மோனைட்டையோ இக்தியோசாரையோ தேடினால் கிடைக்காது. கிடைக்கும் இடத்துக்கு நாங்கள் போனோம். 2016 ஜனவரியில் ஒன்பது பிள்ளைகளையும் இரண்டு தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும் அந்தக் களிமண் பூமி, ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அங்கே துப்பாக்கிக் குண்டுபோல ஒரு முனை கூராகக் கிடக்கும் கற்கள் பெலம்னைட் என்ற உயிரினத்தின் எச்சம். அதன் பெயரையோ இனத்தையோ நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு சிறுமி குனிந்து பார்த்துவிட்டு, “சாரே, இது கணவாய் ஓட்டுக்க முனை மாதிரியில்லா இருக்கு?” என்றாள். அப்படித்தான். பெலம்னைட், கணவாயின் பழைய உறவு. கணவாய் ஓட்டின் பின்முனையில் ஒரு சிறு முள் இருப்பதைத் தினமும் கணவாய் கழுவுகிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பெயர்ப்பலகை வைத்துச் சொல்ல வேண்டியதை அவள் கை ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தது. கல்லை எடுத்துவரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அங்கேயே உட்கார்ந்து எல்லோரும் வரைந்துகொண்டோம். சாக்கில் கிடக்கும் ஒன்பதாவது படம் அவள் செதுக்கியது.

லைம் ரீஜிஸில் மேரி ஆனிங்கின் தோழியாக இருந்த எலிசபெத் ஃபில்பாட், பெலம்னைட் புதைபடிவத்துக்குள் காய்ந்து கிடந்த மையைக் கரைத்து, 1833-இல் ஓர் இக்தியோசாரின் தலையை வரைந்திருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை கணவாய் மையோடு வந்துவிட்டார்கள். அச்சுக்கு அது உதவவில்லை, தகட்டில் ஒட்டாமல் வழிந்தது. தூரிகையால் வரைந்தபோது நல்ல பழுப்பு நிறம் கொடுத்தது. நாற்றம் போக மூன்று வாரம் ஆயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சம்பந்தம் என்றால் இதைத்தான் நான் சொல்கிறேன். எங்கள் இக்தியோசாரின் வாலை எடுத்துக்கொள்ளுங்கள். சுறாவின் முதுகெலும்பு வாலின் மேல்மடலுக்குள் ஏறிப்போகும். அதனால்தான் பல சுறாக்களுக்கு மேல்மடல் நீண்டிருக்கிறது. இக்தியோசாரில் இது தலைகீழ். முதுகெலும்பு கீழ்மடலுக்குள் இறங்கும். அந்த வளைவைப் பார்த்த தொடக்க கால ஆய்வாளர்கள், இறந்தபின் ஒடிந்தது என்றே எண்ணினார்கள். 1890-களில் தென் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பகுதியில் உடலின் வெளிவரையும் சேர்ந்து பதிந்த புதைபடிவங்கள் கிடைத்த பிறகே, பிறைபோன்ற வாலும் முதுகுத் துடுப்பும் ஐயமின்றித் தெரிந்தன. 1854-இல் லண்டனில் வைத்த புகழ்பெற்ற தொல்விலங்குச் சிலைகளில்கூட இக்தியோசாருக்கு முதுகுத் துடுப்பு கிடையாது. இந்த வாலை நான் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, நாட்கணக்கில் கடலில் தங்கிச் சுறா பிடிக்கும் வீட்டுப் பையன் எழுந்து வந்து, சுறா வாலையும் சூரை வாலையும் பக்கத்தில் வரைந்து, எது எப்படித் தண்ணீரைத் தள்ளும் என்று எனக்கே விளக்கினான். தூத்தூர்ப் பக்கத்து மக்கள் சுறாவைத் தேடி அரபிக்கடலின் ஆழம்வரை போகிறவர்கள். அவர்கள் வீட்டில் வளர்ந்த அறிவு அந்தத் தாளில் இருக்கிறது.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களால் ஆனது என்று சொல்வார்கள். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களில் பல, கல்லுக்குள் சக்கரமாகச் சுருண்டு கிடக்கும் அம்மோனைட்டுகளே. நம் மாவட்டத்துப் பாறையில் பிறக்காத தொல்கடல் உயிரைக் கருவறையில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நம் அயலார். நெய்தல் நிலத்துப் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபட்டதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், ஒரு வாசிப்புக் கூடத்துச் சுவரில் இவற்றுக்கு இடமில்லை என்று எந்தக் கணக்கில் தீர்மானித்தீர்கள்?

இனி, மாற்றாக நீங்கள் கட்டியிருக்கும் பதாகையைப் பார்ப்போம். அது ஒருவர் வரைந்த படமாக எனக்குத் தெரியவில்லை. கணினிக்குக் கட்டளை கொடுத்து வாங்கியதுபோல் இருக்கிறது. தலைப்பே தவறு. இக்தியோசார், பிளீசியோசார், மோசசார் எல்லாம் கடல்வாழ் ஊர்வன, டைனோசர்கள் அல்ல. இக்தியோசாரின் வால் அதில் கிடைமட்டமாக, ஓங்கலின், அதாவது டால்பினின், வாலைப்போல விரிந்திருக்கிறது. நான் அங்கே நின்றிருந்தபோதே, கூலிங் கிளாஸ் மாட்டிய நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதைக் காட்டி, “இது ஓங்கலுக்க வாலுல்லா?” என்று தன் அக்காளிடம் கேட்டான். அம்மோனைட்டின் கைகள் ஓட்டின் வாயிலிருந்து வராமல் சுருளின் நடுவிலிருந்து முளைத்திருக்கின்றன. மெகலடான் சுறா ஒரு பிளீசியோசாரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பிளீசியோசார்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. மெகலடான் தோன்றியது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து. அவை ஒன்றையொன்று சந்தித்திருக்கவே முடியாது. மெகலடானின் முழு உருவம் எப்படி இருந்தது என்பதே இன்னும் ஊகம்தான். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால், பற்களும் சில முள்ளெலும்புகளும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கரையில் ஒதுங்கி அழுகிய சுறாவில் கடைசியில் என்ன மிஞ்சும் என்று நம் ஊரில் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எங்கள் படங்களில் பிழை இல்லை என்று சொல்ல வரவில்லை. டன்க்ளியோஸ்டியஸ் படத்தின் கீழே அதன் நீளம் எட்டு மீட்டர் என்று அன்றைக்குக் கிடைத்த கணக்கை எழுதினோம். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை ஏறத்தாழ நான்கு மீட்டராகக் குறைத்துவிட்டது. உடலும் நாங்கள் செதுக்கியதைவிடக் குட்டையாக, பருமனாக இருந்திருக்க வேண்டும். திருத்தச் சீட்டு ஒன்றை ஒட்ட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்து ஒட்டாமல் விட்டேன். ஆனால் அந்தப் பிழை எந்த ஆதாரத்திலிருந்து வந்தது, எந்த ஆதாரத்தால் மாறியது என்று என்னால் காட்ட முடியும். பதாகையில் உள்ள பிழைகளுக்கு யாரைப் போய்க் கேட்பது?

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவைப்படகு கொண்டுவந்த மீன்குவியலுக்குள் நீலநிறத்தில் ஒரு வினோத மீன் கிடந்தது. அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதை எடுத்துப் போனார். அருங்காட்சியகத்தின் தலைவரோ அதைச் சாதாரணக் கலவா மீன் என்று ஒதுக்கினார். மார்ஜரி கைப்பட ஒரு கோட்டுப்படம் வரைந்து, மீனியல் அறிஞர் ஸ்மித்துக்கு அஞ்சலில் அனுப்பினார். செதிலும் தண்டுபோன்ற துடுப்பும் அந்தக் கோடுகளில் சரியாக இருந்ததால், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக எண்ணியிருந்த சீலகாந்த் மீன் உயிரோடு இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. மீனை உற்றுப் பார்த்துப் பிசகாமல் வரையத் தெரிந்த ஒருவர் கரையில் இருந்ததன் பயன் அது. அந்தப் பழக்கத்தைத்தான் சனிக்கிழமைகளில் நாங்கள் பழகினோம். குழுவின் தலைவருக்கு இந்தக் கதையின் கலவா மீனை நினைவூட்டுவதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

சாக்கிலுள்ள 19 படங்களையும் இந்த வாரத்துக்குள் ஜெனரேட்டர் அறையிலிருந்து எடுத்து, மாடியில் காற்றோட்டமுள்ள, வெயில் படாத அறையில் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய தாள்களை யாரும் பிரித்தெடுக்க முயல வேண்டாம். நான் வந்து பிரிக்கிறேன். காணாமல் போன ஐந்து படங்களைப் பற்றி வேலைக்கு வந்த எல்லோரிடமும் விசாரித்து, கிடைத்த விவரத்தை எனக்கு எழுத்தில் தர வேண்டும். தகடுகள் போன ஆக்கர் கடைக்கு உங்களில் ஒருவர் என்னோடு வர வேண்டும். வினைல் துண்டுக்கு அங்கே பெரிய விலை இராது. இன்னும் மூலையில் கிடக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு அவர்கள் கேட்கும் பணத்தை நானே தருகிறேன்.

‘ஆழ்கடல் டைனோசர்கள்’ பதாகையை வாசிப்புக் கூடத்திலிருந்து அகற்ற வேண்டும். வண்ணமயமாக ஏதாவது வேண்டும் என்று குழு விரும்பினால், எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளை வைத்து அங்கே சுவரோவியம் வரையச் செய்யலாம், கூலி வாங்காமல் உடனிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். அச்சுப்படங்களை, அவை இருந்த வடக்குச் சுவரிலேயே திரும்ப மாட்ட வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னல்களின் பக்கம் மாட்டினால் உப்புக்காற்று இரண்டே ஆண்டில் தாளைத் தின்றுவிடும். உடைந்த கண்ணாடிகளையும் கரையான் அரித்த பின்னட்டையையும் குழுவின் செலவில் மாற்றித் தர வேண்டும்; சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் தக்கை வைத்துச் சுவரிலிருந்து விரலளவு விலகி நிற்கும்படி மாட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் ஒரு சீட்டு வைக்க அனுமதி வேண்டும். அந்த உயிரினம் எது, எப்போது வாழ்ந்தது, எங்கே கிடைத்த எலும்பைக் கொண்டு வரைந்தது, எந்தப் பகுதி ஊகம், எந்த ஆண்டில் செதுக்கியது என்பவற்றை நான் எழுதித் தருகிறேன். செதுக்கியவர் பெயரை அவரவர் சம்மதம் கேட்டே சேர்ப்போம். டன்க்ளியோஸ்டியஸ் பற்றிய திருத்தமும் அதில் வரும்.

படங்களுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை என்ற வாசகத்தைத் தீர்மானப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் செய்து கொடுத்த எதையும் இனிமேல் இறக்குவதற்கு முன், செய்தவர்களுக்கோ அவர்கள் பெற்றோருக்கோ ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.

இவற்றுக்கான பதிலை அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில் பேச எனக்கும், படங்களைச் செதுக்கியவர்களில் வர இயன்ற இருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். அவர்களில் ஒருத்தி, காரையில் பெலம்னைட்டைக் கண்டு கணவாய் ஓட்டை நினைத்தவள். தான் செதுக்கிய அந்த ஒன்பதாவது படத்தைத் தானே வந்து எடுத்துத் துடைத்து மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.